கேனன் தெருவின் நீளம்

கேனன் ஏசுவடியானைக் குன்றின்மேல் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்த மறுநாள் காலையில், கேனன் தெருவில் ஒரு வீடு கூடுதலாக இருந்தது. பால் போட வந்த ஆள்தான் முதலில் பார்த்தார். பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கிற பிரைஸ் வீட்டுக்கும் பாடகர் குழுப் பள்ளிக்கும் நடுவே, நேற்று வரை ஒரு பூனை நுழையக்கூட இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு சுவர்களுக்கு நடுவே, கறுத்த மரச் சட்டங்களும் வெள்ளைச் சாந்துமாக, தெருவை எட்டிப் பார்க்கிற மாதிரி முன்னால் சாய்ந்த மாடியோடு, கூரையில் பாசி, வாசற்படியில் தலைமுறை தலைமுறையாக மிதித்துத் தேய்ந்த குழி, கதவோரம் செருப்புச் சேற்றை வழிக்கிற இரும்பு என்று ஒன்றும் குறையாமல் ஒரு வீடு நின்றது. அவர் அதன் வாசலிலும் ஒரு பாட்டில் பாலை வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் அது அப்படியே இருக்கவே, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆல்டன்செஸ்டரில் எதையும் யாரும் சட்டென்று பேசிவிட மாட்டார்கள். நடுவில் பேராலயம், அதைச் சுற்றிப் புல்வெளி, புல்வெளியைச் சுற்றிக் குருமார்கள் வீடுகள், அதையெல்லாம் சுற்றி ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரமான பழைய கல்மதில், மதிலுக்கு ஒரே ஒரு வாசல், அந்த வாசலுக்குப் போவதற்கு ஒரே ஒரு தெரு, அதுதான் கேனன் தெரு. அந்த மதிலுக்குள் வாழ்கிறவர்கள் ஒருத்தர் மூக்கு காணாமல் போயிருந்தாலும் வானிலையைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். ஆகவே முதல் வாரம் முழுக்க எல்லோரும் அந்த வீட்டைக் கடந்து போனார்கள், நல்ல வெயில் என்றார்கள், மழை வரும் போலிருக்கிறது என்றார்கள். இரண்டாம் வாரம் இன்னும் சில வீடுகள் வந்து, வாசலுக்குப் போகிற தூரம் பார்த்தாலே தெரிகிற அளவுக்கு நீண்ட பிறகுதான், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அதிகாரி மிஸ் தோர்ன் ஒரு சிறிய சுத்தியலும் டார்ச் விளக்குமாக வந்தாள். மரத்தைத் தட்டினாள், சாந்தைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள், உத்தரத்தில் கோடாரி வெட்டின தடத்தைத் தடவிக் கண் கலங்கினாள். எல்லா வீடுகளும் அசல் பழைய வீடுகள், ஒன்றையும் தொடக்கூடாது என்று அறிவித்துவிட்டுப் போனாள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏசுவடியானுடைய மனைவி ஞானப்பூவுக்கு மட்டும் அது போதவில்லை. அவளுக்கு வாசலைத் தாண்டிப் போக வேண்டிய தேவை இருந்தது.

நாசரேத் பக்கத்துச் சின்ன ஊரில் போதகராக இருந்த ஏசுவடியான் படிக்க என்று சீமைக்கு வந்து, படித்த இடத்திலேயே சபை கிடைத்து, ஊர் ஊராக மாற்றலாகி, தலை நரைத்த பிறகு ஆல்டன்செஸ்டர் பேராலயத்துக்குக் கேனனாக, அதாவது அங்கே முறைவைத்து ஆராதனை நடத்துகிற குருமார்களில் ஒருவராக வந்து சேர்ந்தவர். தெருவின் உள்கோடியில், பேராலயத்தின் நிழல் விழுகிற இடத்தில் அவர்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். பெரிய வீடு, எப்போதும் குளிர்கிற வீடு. கேனன் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு. அவர் போய்விட்டால் அடுத்த கேனனுக்கு. பேராலயத்தின் தலைவரான டீன் ஹார்கிரீவ்ஸ் இதைச் சொல்ல வந்தபோது தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே, அவசரமே இல்லை, கொஞ்சமும் அவசரமில்லை, தயவுசெய்து அவசரப்பட வேண்டாம் என்றார். இத்தனை தடவை அவசரமில்லை என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால் பெட்டியைக் கீழே இறக்கிக் கட்ட ஆரம்பித்துவிட வேண்டும் என்பது ஞானப்பூவுக்குத் தெரிந்திருந்தது.

அதே டீன்தான் அடக்கத்துக்கு முன்னால், உடலை எரித்துச் சாம்பலாகத் தந்தால் பேராலயத் தோட்டத்திலேயே ரோஜாச் செடிகளுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், முழு உடலை மதிலுக்குள் புதைக்கிற வழக்கம் நின்று நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லியிருந்தார். ஞானப்பூ ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். எங்கள் ஆட்களை எரிக்கிறதில்லை, மண்ணுக்குள் முழுசாக வைத்துக் கல்லறை கட்டி, தலைமாட்டில் போய் உட்கார்ந்து பேசினால்தான் எங்களுக்கு மனசு ஆறும் என்றாள். அப்படித்தான் கேனன் மதிலுக்கு வெளியே குன்றின்மேல் போய்ப் படுத்தார். இங்கிலாந்தில் மண் இறுகி அமர்வதற்குப் பல மாதம் காத்திருந்த பிறகுதான் கல் வைக்க விடுவார்கள், அதுவரைக்கும் ஒரு மரச்சிலுவைதான் அடையாளம். கல் வைக்கிற வரையாவது தினம் போய்ப் பார்க்காவிட்டால் அது கேட்பாரற்ற பிணம் மாதிரி ஆகிவிடும் என்று அவள் நினைத்தாள். ஊரில் அப்படி விட்டால் நாலு பேர் காறித் துப்புவார்கள்.

அடக்க ஆராதனையில் அவள் அழவில்லை. யாரும் அழவில்லை. பாடகர் குழு வெண்கலத்தைத் தட்டினது போல அவ்வளவு சுத்தமாகப் பாடியது, பிரைஸ் வாசித்த ஆர்கனின் சத்தம் தூண்களில் ஏறிக் கூரையில் வெகு நேரம் நின்றது. தொண்டையில் திரண்டு வந்த ஒப்பாரியை அந்த அமைதியில் எப்படி விடுவது என்று தெரியாமல் ஞானப்பூ விழுங்கிக்கொண்டாள். லண்டனில் இருந்து வந்திருந்த மகள் ஹெப்சி அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விழுங்கினது அப்படியே உள்ளே நின்றுவிட்டது.

முதல் சில வாரம் ஞானப்பூ கல்லறைக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு நாளும் தெரு கொஞ்சம் கூடியது. காலையில் தோட்டத்துப் பூவைப் பறித்துக்கொண்டு கிளம்பினால் வாசலுக்குப் போகும்போது பூ வாடியிருந்தது. பிறகு பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போனாள். பிறகு தண்ணீர்ப் பாட்டிலில் செருகிக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போனாள். பிறகு ஒரு நாள், நடந்து நடந்து, இரண்டு பக்கமும் பாசி பிடித்த கூரைகளும் புகைபோக்கிகளும் முன்னால் சாய்ந்த மாடிகளும் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்க, இருட்டத் தொடங்கிவிட்டது, வாசல் கண்ணில்கூடப் படவில்லை. பூவை ஒரு வாசற்படியில் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவளால் கல்லறைக்குப் போக முடியவில்லை.

மற்றவர்கள் தெருவுக்குப் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வழி நெடுக மர பெஞ்சுகள் போட்டார்கள். மாதர் சங்கம் பாதி வழியில் கூடாரம் அடித்து டீயும் கேக்கும் வைத்தது. தெரு நீள நீளப் பாதி வழி நகர்ந்துகொண்டே போனதால், வாரம் ஒரு தடவை கூடாரத்தைப் பிடுங்கித் தள்ளி அடித்தார்கள், அதற்கென்று ஒரு ஆண்கள் குழுவும் உண்டானது. திருநாள் ஊர்வலத்தில் சிலுவையைத் தூக்கி வருகிறவர் நடுவில் மதிய உணவுக்கு இறக்கி வைத்தார். வாசலில் பூங்கொத்தோடு இறங்கின மணப்பெண் பேராலயத்துக்கு வந்து சேரும்போது இதழ்கள் எல்லாம் உதிர்ந்து காம்பு மட்டும் கையில் இருந்தது, அதையும் அழகு என்றார்கள். சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இத்தனை பழைய வீடுகள் ஒரே தெருவில் வேறெங்கும் இல்லை என்று படம் எடுத்துக்கொண்டார்கள், சிலர் பாதியில் களைத்துப் பேராலயத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள், அவர்களும் நன்றாக இருந்தது என்றே சொன்னார்கள். அந்த வீடுகளில் யாரும் இல்லை. கதவுகள் பூட்டியிருக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. மிஸ் தோர்ன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நீலத் தகடு பதித்தாள்.

தெரு ஒரு நாளுக்கு மேல் நீண்டபோது ரொட்டியும் காய்கறியும் உள்ளே வருவது நின்றுபோயிற்று. மதிலுக்கு மேல் ஏணி வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஏணி சாய்ந்தால் கல் தேயும் என்றாள் மிஸ் தோர்ன். வெளியே ஒரு கம்பத்தை நட்டு, மதிலில் உரசாமல் கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் தாழ்த்தினார்கள். காற்றடிக்கிற நாளில் கூடை ஆடி மதிலில் இடிக்கும் என்று அன்றைக்கு மட்டும் எல்லோரும் பட்டினி இருந்தார்கள். மனிதர்கள் கூடையில் போகலாமா என்ற கேள்வி டீன் வீட்டுக் கூட்டத்தில் வந்தது. மதிலின் பெருமையைப் பற்றி, உள்நாட்டுச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டும் அது அசையாமல் நின்றதைப் பற்றி மிஸ் தோர்ன் ரொம்ப நேரம் பேசினாள். பின்வரிசையில் இருந்த ஞானப்பூ கையைத் தூக்கினாள்.

"பின்பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மதிலில் நாலு கல்லை எடுத்துவிட்டால் என்ன? போய் வந்து திரும்ப வைத்துவிடலாமே" என்றாள்.

ஆராதனை நடுவே யாரோ செருப்பைக் கழற்றி வீசினது போல எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"மிகவும் சுவாரசியமான யோசனை, மிஸஸ் ஏசுவடியான்" என்றார் டீன். "டீ சாப்பிடலாமா?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வெளியே அடுத்த கேனன், மனைவி குழந்தைகளோடு விடுதியில் தங்கிக் காத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் அவசரமில்லை என்றே சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் ஆர்கன்காரரின் மனைவி வினிஃப்ரெட் பிரைஸ். மதிலுக்குள் இருந்தவர்களில் ஞானப்பூ வைத்த ரசத்தைக் கண்ணில் தண்ணீர் வர வரக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஏசுவடியான் படுக்கையில் இருந்த நாட்களில் கேட்காமலே வந்து துணி துவைத்துப் போட்டவள். இரண்டு பேரும் மெதுவாக நடந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"கேனன் இங்கேதான் நிற்பார்" என்றாள் வினிஃப்ரெட். "போன வருஷம், பேப்பர் வாங்கப் போகும்போது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவார். நான் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். கூப்பிட்டால் சங்கடப்படுவார் என்று கூப்பிடமாட்டேன்."

ஞானப்பூ அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று.

கடைசி வருஷத்தில் ஏசுவடியானுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. ஆனாலும் வாசலுக்குப் போய்ப் பேப்பர் வாங்கிவருவதை விடமாட்டேன் என்றார். அவளும் கூடப் போவாள். அவளுடைய நடை வேகமான நடை, வயல் வரப்பில் நடந்து பழகின கால். பத்தடி வைப்பாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், அவர் பின்னால் குச்சியை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருப்பார். அவளுக்கு எரிச்சலும் வரும், பயமும் வரும். இரண்டும் ஒன்றாக வருகிற நாளில் சத்தம் போடுவாள். அவர் கோபப்பட்டதே இல்லை. ஒரு நாள் நடுத்தெருவில் நின்று, சிரிப்பும் மூச்சிரைப்புமாக அவர் சொன்னார்:

"ஏ ஞானம், இந்தத் தெருவுல யாரோ தினம் ஒரு வீடு கூடக் கட்டுதாங்க போலிருக்கு. நேத்து இவ்வளவு தூரம் இல்லலா?"

"கட்டுதாங்க, உங்க தலையில. பேசாம வாங்க" என்றாள் அவள்.

இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, முடிவில்லாமல் போகிற அந்தத் தெருவைப் பார்த்தபோது, சாகப்போகிற மனிதன் ஒருத்தன் நடந்த தெரு இதுதான், அவர் காலுக்கு இந்தத் தெரு எவ்வளவு நீளமாக இருந்ததோ அதே நீளம்தான் இப்போது எல்லோருடைய காலுக்கும் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியென்றால் அவர் இன்னும் நடந்து முடிக்கவில்லை. இந்த வீடுகளுக்கு நடுவில் எங்கேயோ, குச்சியை ஊன்றிக்கொண்டு, நின்று நின்று, வந்துகொண்டிருக்கிறார். அவள் இதை வினிஃப்ரெட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு நீலத் தகடு பதித்துவிடுவார்கள்.

அன்றையிலிருந்து அவள் மதிலைப் பற்றிப் பேசவில்லை. தினமும் ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு தெருவில் கொஞ்ச தூரம் நடந்து, ஏதாவது ஒரு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். தெரு வளைகிற இடத்துக்கு அப்பால் இருந்து சில சமயம் இருமல் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது, இன்னும் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். அவளுக்கு அது போதும். வீட்டில் நடந்தது, கூட்டத்தில் பேசினது, ரோஜாவில் பூச்சி விழுந்தது, எல்லாவற்றையும் தெருவைப் பார்த்துச் சொல்லுவாள். அவர் உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாக அவருக்காக அவள் காத்திருந்ததே இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தாள்.

மழைக்காலத்தில் ஹெப்சி போன் செய்தாள். விடுமுறை நாளில் லண்டனில் இருந்து வந்து கல்லறையைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வெளியே காரில் உட்கார்ந்துதான் அவள் பேசுவாள்.

"எம்மா, அப்பா குழி மண்ணு உள்ள இறங்கிட்டு. சிலுவை சாஞ்சு கெடக்கு. நான் நிமித்தி வச்சேன், நிக்கமாட்டேங்கு. கல்லு எப்ப வைக்கப் போறீங்கன்னு அந்த ஆளு கேக்காரு. நீ வராம நான் மட்டும் எப்படிம்மா வைப்பேன்?"

"அப்பா அங்க இல்லட்டி" என்றாள் ஞானப்பூ.

"பரலோகத்துல இருக்காங்கன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா..."

"பரலோகத்துலயும் இல்ல மக்கா. இங்கதான் வந்துட்டு இருக்காவ."

அந்தப் பக்கம் ஹெப்சி மூக்கை உறிஞ்சினாள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு ஞானப்பூவுக்கு மழையில் கிடக்கிற அந்த மண் கண்ணிலேயே நின்றது. ஒரு பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கிற குழி, இன்னொரு பக்கம் தெரு வளைவில் கேட்கிற இருமல். இரண்டும் ஒரே மனிதருடையவை, இரண்டுக்கும் அவள் ஒருத்திதான் பொண்டாட்டி. எதை விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆகவே எதையும் செய்யாமல் இருந்தாள்.

அப்படியே இருந்திருப்பாள். பனி விழத் தொடங்கின ஒரு காலையில் வினிஃப்ரெட் சமையலறையில் மயங்கி விழுந்தாள். இருதயம் என்றார்கள். ஆம்புலன்ஸ் வாசலுக்குள் நுழைந்து, மணியடித்துக்கொண்டு, தெருவில் வந்துகொண்டே இருந்தது. வண்டிக்காரர் போனில், இன்னும் வீடுகள்தான் வந்துகொண்டிருக்கின்றன, பேராலயத்தின் கோபுரம்கூடத் தெரியவில்லை என்றார். நாம் எதிரே தூக்கிக்கொண்டு போவோம் என்று பாடகர் குழுவின் ஆண்கள் நாலு பேர் வினிஃப்ரெட்டை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கினார்கள். பிரைஸ் கூடவே நடந்தார். விரல்கள் தாமாகவே காற்றில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தன. டீன் பின்னால் வந்தார். ஒருத்தரும் சத்தம் போடவில்லை, ஒருத்தரும் தெருவைக் குறை சொல்லவில்லை. மன்னிக்கவும், கொஞ்சம் வலது பக்கம், நன்றி, நன்றி என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஞானப்பூ ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் நடந்தாள். வினிஃப்ரெட்டின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மூச்சு வெளியே போகிறது, உள்ளே வர மறுக்கிறது. அந்தச் சத்தத்தை ஞானப்பூவுக்குத் தெரியும், ஒரு வருஷம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூக்கின ஆண்கள் கை மாற்றிக்கொண்டார்கள், மறுபடியும் மாற்றிக்கொண்டார்கள். வீடுகள் வந்துகொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் மணி எங்கேயோ தூரத்தில், நெருங்காமல் விலகாமல் ஒலித்தது.

"ஞானம்" என்று வினிஃப்ரெட் கூப்பிட்டாள். அந்தப் பேரைச் சுருக்கிக் கூப்பிட மதிலுக்குள் இன்னும் மிச்சமிருந்தவள் அவள்தான். "இன்னும் ரொம்ப தூரமா?"

ஞானப்பூ புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் ஓடினாள். அந்த வயசில் அவள் அப்படி ஓடுவாள் என்று டீனுக்குத் தெரியாது. தெரு வளைகிற இடம் வரைக்கும் ஓடி, அதற்கு அப்பால் இன்னொரு வளைவு வரைக்கும் ஓடி, இருமல் கேட்கிற இடத்தில் நின்றாள். வெற்றுத் தெரு. ஈரக் கல். சுவர்.

"என்னங்க" என்றாள். "கேக்குதா? நீங்க இங்கதான் வாரியன்னு எனக்குத் தெரியும். யார்ட்டயும் சொல்லல. உங்கள அவசரப்படுத்த வரல, எத்தன வருஷம்னாலும் நீங்க மெதுவாவே நடங்க, நான் உக்காந்திருப்பேன்னுதான் நெனச்சேன்."

மூச்சு முட்டிற்று. நின்று நிதானித்துக்கொண்டாள்.

"பின்னால வினிஃப்ரெட்டத் தூக்கிட்டு வாராவ. நெஞ்சு வலி. மூச்சு உள்ள போகமாட்டேங்கு. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்லா? உங்க வேட்டிய அலசிப் போட்ட பொம்பளல்லா. அவ போகணும். கொஞ்சம் சுவரோரமா ஒதுங்கிக்கிடுங்க."

ஏசுவடியான் அப்படிப்பட்ட மனிதர்தான். வாழ்நாள் முழுக்க யாருடைய வழியிலும் அவர் நின்றதில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே, அது பத்து வயசுப் பிள்ளையாக இருந்தாலும், தொப்பியைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று, முதலில் நீங்கள் போங்கள் என்பார். மனைவி கேட்டு அவர் இல்லை என்று சொன்னதும் கிடையாது. கேட்பது எதற்கு என்று தெரிந்துதான் ஞானப்பூ கேட்டாள். கேட்ட வாய் கூசிற்று. கேட்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனசு கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தது.

அவள் பேசி முடித்தபோது சுவரில் யாரோ சாய்கிற மாதிரி, துணி கல்லில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். அடுத்த நொடி ஆம்புலன்ஸ் அவள் முகத்துக்கு நேரே நின்றது. அதன் விளக்கில் கண் கூசிற்று. அதற்குப் பின்னால் வாசல், கூப்பிடு தூரத்தில், திறந்து கிடந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது, ஏற்றினார்கள், பிரைஸ் ஏறிக்கொண்டார். கதவு சாத்தின சத்தம் அடங்குவதற்குள் வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டது. வினிஃப்ரெட் பிழைத்துக்கொள்வாள் என்று கூட வந்த டாக்டர் முகத்திலேயே தெரிந்தது.

அந்த நாலு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிரைஸ் வீடும் பாடகர் குழுப் பள்ளியும் பழையபடி தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுவில் பூனைக்கும் இடமில்லை. அதற்கு அப்பால் பேராலயம் பக்கத்திலேயே இருந்தது. ஆட்கள் வீடுகளில் இருந்து வெளியே வந்தார்கள். முதலில் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள், வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள், மறுபடியும் போனார்கள். பேராலயத்தில் யாரோ மணியை அடிக்கத் தொடங்கினார்கள். தெருவின் நடுவே மிஸ் தோர்ன் மட்டும், அத்தனை அருமையான வீடுகள் ஒரு வார்த்தை அனுமதி கேட்காமல் போய்விட்டனவே என்று, கல்லோடு கல்லாகக் கிடந்த நீலத் தகடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டீன் ஞானப்பூவிடம் வந்து, இன்றைக்கு வானம் நன்றாகத் தெளிந்துவிட்டது என்றார்.

ஞானப்பூ தெருவைப் பார்த்தாள். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பார்வையில் தெரிந்தது. மறைவதற்கு ஒரு வளைவுகூட அதில் இல்லை. வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த எல்லோருடைய முகமும் தெரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்து முடிப்பதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, குரலெடுத்து, ஊரில் அழுகிற மாதிரி ராகம் போட்டு, என் ராசாவே என்னை விட்டுட்டுப் போனீயளே என்று அழுதாள். பேராலய மணியையும் மீறி அது கேட்டது. மணி நின்றது. ஓடினவர்கள் நின்றார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிலர் கூரைகளைப் பார்த்தார்கள். டீன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், வானிலையைப் பற்றி அவரும் மேற்கொண்டு பேசவில்லை.

அன்றைக்கும் கல்லறைக்கு என்று வந்து, மணிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வெளியே காரை விட்டு இறங்கின ஹெப்சி, தெருவில் ஓடி வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழ விட்டாள். அழுகை விக்கலாகக் குறைந்த பிறகு, கொண்டு வந்திருந்த சால்வையை அவள் தோளில் போர்த்தினாள்.

"வாம்மா" என்றாள். "வாசல் இந்தா இருக்கு. அப்பா கல்லறைக்குப் போவோம். இருட்டுமுன்ன போயிட்டு வந்துரலாம்."

ஞானப்பூ நகரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவின் உள்கோடியைப் பார்த்து நின்றாள். பேராலயத்தின் நிழல் அங்கே புல்லின்மேல் விழுந்திருந்தது. யாரோ ஒரு பாட்டில் பாலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"பொறு மக்கா" என்றாள். "அப்பா பின்னால வாராவ, வரட்டும்."

ஹெப்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அந்தப் பக்கமே பார்த்து நின்றாள்.